இருமல் இல்லை

அந்தச் சான்றிதழைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. பொன்விழா மலரில் எனக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அரைப்பக்கத்தில் அது ஒரு வரி. 'பெருந்தொற்றுக் காலத்தில் பூங்காவனம் நகரில் காய்ச்சல் கணக்கெடுப்புப் பணியைச் சிறப்பாக ஆற்றியமைக்காக உடற்கல்வி ஆசிரியர் குணசீலனுக்கு வழங்கப்பட்டது.' அவ்வளவுதான். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு சிறுமி சொன்ன விவரம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடமாக அதை நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். பொய் என்று தள்ளியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தால் அது வேறு மாதிரி. இரண்டும் இல்லாமல் ஐந்து வருடம். போன வாரம்தான் அவளிடமே கேட்டேன். சொல்கிறேன். எழுதுவதா விடுவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நீங்கள் தமிழாசிரியர், எதை விட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், வேட்டி சாம்பலாகிவிடும். ஆடி மாதம் அல்லவா, காலையில் துடைத்தால் பத்து மணிக்குள் திரும்பப் படிந்துவிடுகிறது. இதில் உட்காருங்கள்.

நீங்கள் நம் பள்ளிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, சாலைக்கு அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். சாலைக்கு இந்தப் பக்கம் நாம், பள்ளிக்கூடம், கோயில், கல்யாண மண்டபம். அந்தப் பக்கம் பூங்காவனம் நகர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், வாரியக் குடியிருப்பு. போர்டு வீடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். அதற்கும் மேற்கே சாம்பல் குளம். குளம் என்றால் படித்துறை, அல்லி எல்லாம் இல்லை. அனல்மின் நிலையத்தில் எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டும் இடம். தண்ணீர் வற்றிவிடும், சாம்பல் இருக்கும். ஆடியில் மேல்காற்று எழுந்தால் முதலில் போர்டு வீடுகளில் இறங்கும், மிச்சம் மீதி நமக்கு வரும்.

அந்த ஜனங்கள் முன்பு நகரத்துக்குள் கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டு இருந்தவர்கள். இருபது வருடத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் வேறு யாரும் குடிவர முன்வராததால் அவர்களுக்குச் சீக்கிரமே ஒதுக்கீடு கிடைத்தது. ஒரு விதத்தில் அதிர்ஷ்டம்தான். கான்கிரீட் வீடு, தனிக் கக்கூஸ்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் சாதி பார்ப்பவன் இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. யார் என்ன சாதி என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. சாலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளையையும் அந்தப் பக்கத்துப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒரே விசிலில்தான் ஓடவிட்டேன். நூறு மீட்டரில் போர்டு வீட்டுப் பிள்ளைகளை யாரும் நெருங்க முடியாது. அம்பு மாதிரி போவார்கள். நானூறு மீட்டரில் இருநூற்றைம்பது தாண்டினால் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வந்த இருபது வருடத்தில் ஒரு பிள்ளைகூட எண்ணூறு மீட்டரை முடித்ததில்லை. நான் இதை மிகவும் யோசித்திருக்கிறேன் தம்பி. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்களுடைய உடம்பு வாகு அப்படி. வேகம் உண்டு, விடாமுயற்சி கிடையாது.

என் பையனைக் கேட்கிறீர்களா? அவன் இங்கே படிக்கவில்லை. ஐந்து வயதில் இழுப்பு வந்தது. டாக்டர் இந்தக் காற்று ஆகாது என்றார். திருச்சியில் என் மைத்துனி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறான், மாரத்தான் எல்லாம் ஓடுகிறான்.

"அவனுக்கு மட்டும் காத்து. மத்த புள்ளைங்களுக்கு ஒடம்பு வாகு. கேட்டுக்கங்க தம்பி."

அது என் மனைவி வசுமதி. சமையலறையிலிருந்து பேசுகிறாளே தவிர வெளியே வந்து பேச மாட்டாள். அது வேறு, இது வேறு என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசில்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கும். மாவட்டக் கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். காலை வழிபாடு. வாழ்த்துப் பாடல் முடிந்து ஒரு நிமிட மௌனம். மௌனத்தில் ஒரு பிள்ளை இருமியது. அது இருமினால் பக்கத்தில் இருப்பது சும்மா இருக்குமா? வரிசை வரிசையாக, கடைசி வகுப்பு வரை. அதிகாரி திரும்பி, "என்ன ஹெட்மாஸ்டர், இது பள்ளிக்கூடமா, காசநோய் ஆஸ்பத்திரியா?" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். ஒழுங்கு என் பொறுப்பு. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்று மாதத்தில் இருமலை ஒழித்தேன். அடிக்கவில்லை தம்பி, நான் பிள்ளைகளை அடித்தவன் இல்லை. விசில் மட்டும்தான். குறுவிசில் ஒன்று ஊதினால் நேராக நிற்க வேண்டும், கை பக்கவாட்டில், கட்டைவிரல் தையல் கோட்டில், தொண்டை மூடியிருக்க வேண்டும். இருமினால் மைதானத்தை ஒரு சுற்று. நீள விசில் ஊதினால் கலையலாம், இருமிக்கொள்ளலாம். முதல் மாதம் ஓடினார்கள். ஓடினால் இன்னும் இருமல் வரும், இன்னொரு சுற்று. இரண்டாம் மாதம் குறைந்தது. மூன்றாம் மாதம் ஊசி விழுந்தால் கேட்கும். நீள விசில் ஊதினால்தான் சரவெடி கொளுத்தியது மாதிரி மொத்தப் பள்ளியும் இருமும். ஒரு நிமிடம், அவ்வளவுதான், வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

ஜெசிந்தா என்று ஒரு பெண். நான் சொன்னேனே, அந்தச் சிறுமி. அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என்னிடம் சொன்னாள், "சார், மத்த ஸ்கூல்ல எட்டு பீரியடு. நம்ம ஸ்கூல்ல ஒம்போது. மொத பீரியடு இருமல் பீரியடு." வாய்த்துடுக்கு. ஆனால் சிரிப்பு வந்துவிடும். நூறு மீட்டரில் மண்டல அளவில் முதல் பரிசு வாங்கியவள், எட்டு வயதில். பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றாமல் ஒரு வாரம் வகுப்புக்கு வந்தாள். அவளிடம் எனக்குத் தனிப் பிரியம். நம்புங்கள்.

அப்புறம் கொரோனா வந்தது. பள்ளியை மூடினார்கள். ஆசிரியர்களைக் காய்ச்சல் கணக்கெடுப்புக்குப் போட்டார்கள். எனக்குப் பூங்காவனம் நகர், ஏ முதல் ஜி வரை ஏழு பிளாக், பிளாக்குக்குப் பதினாறு, ஆக நூற்றுப்பன்னிரண்டு வீடு. தினமும் போய்க் கேட்க வேண்டும். படிவத்தில் மூன்று கட்டம். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். ஆம், இல்லை.

கதவைத் தட்டினால் தொற்றிக்கொள்ளும் என்று என் வீட்டில் பயந்தார்கள். அதனால் பிளாக் முன்னால் ஆறடி தள்ளி நின்று குறுவிசில் ஊதுவேன். அதுதான் எனக்குத் தெரிந்த முறை. ஊதிய மாத்திரத்தில் கதவுகள் திறக்கும். பெரியவர்கள் மாடி நடையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகள், தம்பி, நம் பள்ளிப் பிள்ளைகள், கீழே இறங்கி வந்து வரிசையாக நிற்பார்கள். கை பக்கவாட்டில், கட்டைவிரல் தையல் கோட்டில். பள்ளி மூடி இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு பிள்ளைகூட மறக்கவில்லை. முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காய்ச்சல்?"

"இல்ல சார்!"

"இருமல்?"

"இல்ல சார்!"

"மூச்சுத்திணறல்?"

"இல்ல சார்!"

ஒரு நாள் டி பிளாக் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண், "சார், பசின்னு ஒரு கட்டம் இருந்தா அதுல டிக் போட்டுக்குங்க சார்!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கட்டம் படிவத்தில் இல்லை. இல்லாத கட்டத்தில் நான் எப்படிக் குறிப்பேன்?

ஏழு பிளாக்கும் முடிந்ததும் தெருக்கோடியில் நின்று நீள விசில் ஊதுவேன். பணி முடிந்தது என்று. அப்படியே முதன்மைச் சாலைக்குத் திரும்பிவிடுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது முக்கியம். தகரம். உங்கள் ஊரிலும் அடித்திருப்பார்களே. எச் பிளாக், அது என் பொறுப்பு இல்லை, அங்கே ஒருவருக்குத் தொற்று வந்தது. மறுநாள் படிக்கட்டு வாசலை இரண்டு தகரம் வைத்து மூடி ஆணி அடித்துவிட்டார்கள். பதினாறு வீடு, பதினான்கு நாள். பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி மாடிக்கு இழுத்தார்கள். இறால் உரிக்கப் போகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு நாள் போகாவிட்டால் அடுப்பு எரியாது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பெரியவர்களும் பார்த்தார்கள், பிள்ளைகளும் பார்த்தார்கள். தகரத்துக்குப் பயந்தார்கள் என்று நான் சொன்னால் அது கற்பனை இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"தகரம்னு இன்னும் நாலு தடவ சொல்லுங்க. தம்பிக்கு மறந்துடப்போவுது."

காபி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், காது இங்கேயே இருக்கிறது.

ஆடி பிறந்து ஒரு வாரம். ஊரெல்லாம் வண்டி ஓடவில்லை, காற்று சுத்தமாகிவிட்டது, மலை தெரிகிறது என்று பேப்பரில் படம் போட்டார்கள். மின்சாரம் நிற்க முடியாது அல்லவா, அதனால் சாம்பல் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. பத்து நொடி மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரலில் கிருமி இல்லை என்று. பெரிய டாக்டர் ஒருவர் சொன்னதாகப் போட்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை. ஸ்டாப்வாட்ச் என் பாக்கெட்டிலேயே இருக்கும். படிவத்தில் ஆம், இல்லை என்று வெறுமனே போடுவதைவிட அளந்து போடுவது மேல் இல்லையா? மற்ற கணக்கெடுப்பாளர் யாரும் இதைச் செய்யவில்லை. நான் செய்தேன்.

போட்டி வைத்தேன். சி பிளாக் முன்னால் பதினோரு பிள்ளைகள். குறுவிசில், மூச்சை இழு, அடக்கு. பத்து நொடியில் நாலு பேர் விட்டார்கள். அவர்களையும் இருமவிடவில்லை, வரிசையில்தான் நின்றார்கள். இருபதில் மிஞ்சியது மூன்று பேர். முப்பதில் ஜெசிந்தா மட்டும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் நீர் வந்தது. உதடு கொஞ்சம் கறுத்தது. நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். நூறு மீட்டர் கடைசிப் பத்து மீட்டரிலும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

அவள் அம்மா ரெஜினா வாசலில் நின்றிருந்தாள். "போதும் சார், வுட்டுடுங்க சார்."

"நீ சும்மா இரும்மா, புள்ள ஜெயிக்கப் போறா."

நாற்பத்தொரு நொடி. பெரியவர்களே அடக்க முடியாது. கைதட்டினேன். ஒரு கடலைமிட்டாய் பாக்கெட் பரிசு கொடுத்தேன், ஆறடி தள்ளி, திண்டில் வைத்துவிட்டு நகர்ந்தேன். விதியை மீறவில்லை. படிவத்தில் அவள் பெயருக்கு நேரே 'இருமல் இல்லை' என்பதோடு 'நுரையீரல் மிக நன்று' என்று என் கையால் எழுதினேன். அப்படி எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ரெஜினா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முதன்மைச் சாலைக்கு ஓடிவந்திருக்கிறாள். போர்டு வீட்டிலிருந்து வருகிறவள் என்று தெரிந்ததும் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. கடைசியில் மாநகராட்சிக் குப்பை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அதில் ஐந்து நாள் மூச்சுவிடக் குழாய் வைத்து. இரண்டு முறை பரிசோதித்தார்கள், கொரோனா இல்லை. ஆஸ்துமாவாம், பல வருடமாகப் பார்க்காமல் விட்டதாம், நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறதாம். எத்தனை வருடமாக இருமுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டாராம். "எத்தன வருசமா இங்க இருக்கமோ அத்தன வருசமா" என்றாளாம் ரெஜினா.

கேட்டதும் நான் துடித்துப்போனேன் தம்பி. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பரிசாகக் கொடுத்த கடலைமிட்டாய் ஒத்துக்கொள்ளவில்லையோ? திண்டில் வைத்ததில் சாம்பல் பட்டிருக்குமோ? விசிலை அவ்வளவு பலமாக ஊதியிருக்க வேண்டாமோ, குழந்தை திடுக்கிட்டிருப்பாளோ? ஒவ்வொன்றாக என்னையே கேட்டுக்கொண்டேன். என் சுபாவம் அப்படி, என்னை நான் விடமாட்டேன். எவ்வளவு கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு விஷயத்தில் மனம் கொஞ்சம் ஆறியது. அவளுக்குக் கொரோனா இல்லை. படிவம் கேட்டது கொரோனா இருமலை. அவளுக்கு இருந்தது சாம்பல் இருமல். அப்படியென்றால் 'இல்லை' என்று நான் எழுதியது சரிதானே? அதிகாரிகளுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். சுதந்திர தினத்தன்று அந்தச் சான்றிதழ் கொடுத்தார்கள். நூற்றுப்பன்னிரண்டு வீடு, எழுபது நாள், ஒரு இருமல்கூட இல்லை. மண்டலத்திலேயே அப்படி ஒரு கணக்கு இல்லை என்று மேடையில் சொன்னார்கள். ஜெசிந்தா அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளரை மூடியே வைத்திருங்கள், குடிக்கும்போது மட்டும் திறங்கள்.

மறு வருடம் தை மாதம். ரெஜினா இங்கே வந்தாள், இதோ இந்தக் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. தொற்றுக் காலம், யாரையுமே கூப்பிடவில்லை. கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதம். போர்டு வீட்டுப் பெண்கள் அறுபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். சாம்பல் குளம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாரம் ஒரு நாள் குழந்தை டாக்டர் வர வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் வந்திருந்தது. வாசித்தேன். 'மேற்படி பகுதியில் உள்ள குழந்தைகளுக்கு இருமல், மூச்சுத்திணறல் முதலான தொந்தரவுகள் எதுவும் இல்லை என்பது பொறுப்புள்ள ஆசிரியர் ஒருவர் எழுபது நாள்கள் நேரில் நடத்திய கள ஆய்வில் தெரியவருவதால் மனு முடித்துவைக்கப்படுகிறது.'

"இதுல உங்க பேரு இல்ல சார். ஆனா உங்க கணக்குதான்" என்றாள்.

மறைப்பானேன், முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அரசுக் கடிதத்தில் 'பொறுப்புள்ள ஆசிரியர்' என்று போட்டிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். நான் வர்றப்ப இருமல, போனப்புறம் இருமுனாங்கன்னு."

"போனப்புறம் நடந்தது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும் சார்."

"அப்ப நீங்க எழுதுங்க."

"எழுதிட்டுத்தான் சார் வந்திருக்கோம். நாங்க எழுதுனா செல்லலை."

அப்போதுதான் பார்த்தேன், பின்னால் ஜெசிந்தா நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பாவாடைப் பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டு இருந்தது. குழந்தை பொய் சொல்லாது என்று நினைத்து அவளைக் கேட்டேன்.

"நீ சொல்லும்மா. நான் வர்றப்ப உனக்கு இருமல் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம் ஏன் இருமல?"

அவள் என்னைப் பார்த்தாள். பாடம் புரியாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"குட்டி விசில் அடிச்சிட்டீங்களே சார்."

"அதுக்கு?"

"நீட்டு விசில் அடிச்சப்புறம்தான் இருமுவோம். எல்லாரும்தான். சின்னப் பாப்பாங்களுக்கும் நாங்கதான் சொல்லிக் குடுத்தோம், ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே."

இதுதான் அந்த விவரம். ஐந்து வருடமாக நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, ரெஜினா சட்டென்று, "அதுக்கில்ல சார். தகரம் அடிச்சிருவாங்கன்னு நாங்களும் புள்ளைங்களுக்குச் சொல்லித்தான் வெச்சிருந்தோம்" என்றாள். நல்ல பெண். அப்போதும் என் மனம் நோகக்கூடாது என்று பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன். பார்த்தீர்களா, தகரம்! அதுதான் காரணம். பெற்றவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் அந்த வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. கண்ணால் பார்க்காததை எழுதினால் அது பொய்க் கணக்கு ஆகிவிடாதா? வாழ்நாளில் ஒரு பொய்க் கணக்கு நான் எழுதியதில்லை. சொன்னேன். "சரி சார்" என்று கடிதத்தைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டாள். ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனை போகும்வரை அந்தக் குழந்தை இருமவில்லை, அதையும் கவனித்தேன். அது என் சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்தியது. அவ்வளவு இருமுகிற பிள்ளை என்றால் போகும்போதாவது இருமியிருக்க வேண்டாமா?

மனு அத்தோடு நின்றது. குளம் அப்படியே இருக்கிறது.

எப்படி எப்படியெல்லாம் யோசித்திருக்கிறேன் தெரியுமா? ஒன்பது வயதுக் குழந்தை, ஐந்து நாள் குழாய் வைத்துக் கிடந்தவள், எதையாவது கலந்து சொல்லியிருக்கலாம். நூற்றுப்பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இருமினால் எனக்குக் கேட்டிருக்காதா? நான் முதன்மைச் சாலையில்தானே நடந்துகொண்டிருந்தேன். குளத்துச் சாம்பலை அள்ளிப்போகிற லாரிகளின் சத்தம் இருந்தது, உண்மைதான், இருந்தாலும்...

"எனக்குக் கேக்குமே."

என்ன?

"மாடில துணி காயப்போடறப்ப கேக்கும். தெனமும் பத்தரைக்கு. மொதல்ல உங்க விசில் கேக்கும், பின்னாடியே தெருவே இருமும். சரி, இவுரு வேல முடிஞ்சுது, சோறு வடிக்கலாம்னு எறங்கி வருவேன்."

இதை இவள் போன மாதம்தான் சொன்னாள் தம்பி. ஐந்து வருடம் கழித்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால், என்ன சொன்னாள் தெரியுமா?

"நீங்க கேக்கலையே."

பாருங்கள். இவள் வாக்குமூலத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பக்கத்துப் பெண்களோடு மீன் வாங்கும்போது பேசுவாள், அவர்கள் சொன்னதையே காதால் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெசிந்தாவையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். குற்றம் சாட்டுவது மாதிரி இருக்கக் கூடாது, பதிலை வாயில் திணிப்பது மாதிரியும் இருக்கக் கூடாது. வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்தேன். 'நீங்கள் பயந்தது தகரத்துக்கா, எனக்கா?' இவ்வளவுதான். தராசுத் தட்டு மாதிரி, இரண்டு பக்கமும் சமம்.

சமயம் தானாக வந்தது. உங்கள் மலர்க் குழுவில் பழைய மாணவர்களின் பதக்கத்தைப் படம் எடுக்கக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது பதினான்கு வயது, மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது. விளையாட்டு வகுப்பு வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிறாளாம். ஓடவே இல்லை, அதற்கப்புறம்.

போன வியாழக்கிழமை. சுதந்திர தின அணிவகுப்புக்குச் சின்னப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். மேல்காற்று நன்றாகவே அடித்தது. சுண்ணாம்புக் கோடு போட்டால் பத்து நிமிடத்தில் கோடும் தரையும் ஒரே நிறம். விளையாட்டுப் பொருள் அறை வாசலில் நின்று குறுவிசில் ஊதினேன். மைதானம் அப்படியே நின்றது. ஒரு பிள்ளைகூட இருமவில்லை. நீங்களே தினமும் பார்க்கிறீர்களே, சேர்ந்த முதல் நாள் என்னிடம் சொன்னீர்கள், இவ்வளவு அமைதியான வழிபாட்டை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்று. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

திரும்பினால், எனக்குப் பின்னால் நாலு அடியில் ஜெசிந்தா.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. விசிலுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பதக்கத்தை ஒரு துணியில் சுற்றி இடது கையில் வைத்திருந்தாள். உயரமாகிவிட்டாள், என் தோளுக்கு வருகிறாள். வணக்கம் சொல்லவில்லை. மரியாதை தெரியாத பெண் இல்லை அவள், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நேராக நின்றாள். வலது கை பக்கவாட்டில், கட்டைவிரல் சுடிதாரின் தையல் கோட்டில். கழுத்து நரம்பு இரண்டும் புடைத்திருந்தன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. உதட்டின் நிறம் மாறியது. அந்த முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

சுற்றிலும் பார்த்தேன். மைதானம் திறந்து கிடந்தது. வாசலில் கதவில்லை. தலைக்கு மேலே கூரைகூட ஆஸ்பெஸ்டாஸ்தான்.

விசில் என் கையில் இருந்தது, வாயிலிருந்து எடுத்த ஈரம் காயாமல். வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்த கேள்வி நாக்கில் இருந்தது, இரண்டு பக்கமும் சமமாக. அது வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, இங்கதான் தகரம் எதுவும் இல்லையே, இப்ப ஏன் இருமலை அடக்கிக்கிட்டு நிக்கிற?"